கையை விட்ட கல்

செம்பூர்,
13-6-1964

சாயிரா,

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "சார், அந்தத் தாள் சாயிராவுடையது."

சொல்லியிருந்தால் இரண்டு வினாடி ஆகியிருக்கும். பேராசிரியர் பிரபு தாளை உயர்த்திப் பிடித்து, "இதில் நம்பரே இல்லையே, யாருடையது?" என்று கேட்டபோது அறையில் மூன்று பேர்தான் மிச்சம். மற்ற இருவருக்கும் தெரியாது. நான் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். போட்டு முடித்தேன்.

இந்தக் கடிதத்தை அனுப்பப்போவதில்லை. ஆனாலும் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று நாளைக்கு நானே எனக்குச் சொல்லிக்கொள்ளக்கூடும்.

மாதுங்காவில் நம் காலேஜ் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை ஒன்று. வந்தவர்கள் பதினொரு பேர். பிரபு சாருக்கு ஒரு முறை உண்டு. நமக்கு நான்கு வருஷமாகத் தெரியும். தாளில் பெயர் எழுதக் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்த சீட்டின் எண்ணை மட்டும் எழுத வேண்டும். எந்தச் சீட்டை யார் எடுத்தார்கள் என்று யாரும் குறித்துக்கொள்வதில்லை. ஆள் தெரிந்தால் மனம் சாய்ந்துவிடும் என்பார். என் எண் நான்கு. உன்னுடையது ஒன்பது.

பத்துக் கேள்விகள். ஒன்றிலும் கணக்கு இல்லை. "சூத்திரம் எழுதினால் மார்க் கிடையாது. என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். பாதியிலேயே மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். எனக்கும் போய்விடலாம் போல இருந்தது. சூத்திரம் இல்லாமல் நான் யார்?

நாலரைக்குள் காலேஜ் கேட்டுக்கு வராவிட்டால் இனி மாதுங்கா பக்கமே கிடையாது என்று உன் அண்ணன் சிராஜ் காக்கா உன்னிடம் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் தாராவியில் அண்ணன் வீட்டில் இருக்கலாம், கிடைக்காவிட்டால் உல்லாஸ்நகரில் அக்கா மர்யம் லாத்தா வீடு. அதுவும் எனக்குத் தெரியும். சைக்கிள் பெல் கேட்டதும் நீ எழுந்தாய். "ஏளா வல்லி, இதையும் சேத்துக் குடுத்திரு. காக்கா பெல்லை உடைச்சிருவாங்க போல."

என் பெஞ்சிலிருந்து சாரின் மேசைக்குப் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியில் உன் தாளைப் பார்த்தேன். ஏழாவது கேள்வி: ஒருவன் கல்லை நேர் மேலே எறிகிறான். மேலே போகும்போது, உச்சியில், கீழே வரும்போது, இந்த மூன்று இடங்களிலும் கல்லின்மேல் இருக்கும் விசையை அம்புக்குறியால் காட்டு. காற்றைக் கணக்கில் எடுக்காதே.

மேலே போகும் கல்லுக்கு நான் மேல்நோக்கி நீளமாக ஒரு அம்பு போட்டிருந்தேன், எறிந்த கையின் விசை என்று. உச்சியில் எதுவும் இல்லை. இறங்கும்போது கீழ்நோக்கி ஒன்று. நீ மூன்று இடத்திலும் கீழ்நோக்கி ஒரே அளவில் ஒவ்வொரு அம்பு போட்டிருந்தாய். பக்கத்தில் உன் அரைகுறை இங்கிலீஷில் ஒரு வரி: 'கல் கையை விட்டாயிற்று. இனிமேல் கைக்கு அதில் வேலையில்லை. பூமி மட்டும்தான் இழுக்கிறது.'

படித்த உடனே அதுதான் சரி என்று தெரிந்தது. நியூட்டனின் விதிகளை எத்தனையோ வருஷமாக வார்த்தை பிசகாமல் ஒப்பித்துவருகிறேன். அவற்றின் அர்த்தம் முதன்முதலாக எனக்குப் புரிந்தது உன் கையெழுத்தில். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

நான்கு வருஷம் நீ என்னிடம் சந்தேகம் கேட்டாய். வெட்கமில்லாமல், லேபில், கேன்டீனில், தாதர் பிளாட்பாரத்தில். நான் விளக்கத் தொடங்குவேன். பாதியிலேயே "ஆங், புரிஞ்சிட்டு" என்பாய். மீதிப் பாதி எனக்கு வெறும் மனப்பாடம்தான் என்று உனக்குத் தெரியாது. யூனிவர்சிட்டியில் முதல் வகுப்பு எனக்கு. இரண்டாம் வகுப்பு உனக்கு.

எண் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்ததை மேசையை அடையும் முன்பே பார்த்தேன். பேனா என் கையில்தான் இருந்தது.

செண்பகவல்லி


உல்லாஸ்நகர்,
2-8-1964

அன்புள்ள வல்லி,

வேலை உனக்குத்தான்னு காக்கா சொன்னாங்க. எங்க பட்டறைக்குத் தோல் வாங்க வந்த ஆளு, உங்க காலேஜ்ல பியூனாம், அவர் சொன்னாராம். நீ ஏன் எழுதலை? நான் அழுவேன்னு நினைச்சியா? ஒரு நாள் அழுதேன், சரிதான். மறுநாள் மர்யம் லாத்தா பிரியாணி போட்டாங்க, நிறுத்திட்டேன்.

இப்போ நான் டீச்சர்! மச்சானுக்குத் தெரிஞ்ச சிந்தி சேட் ஒருத்தர் கமிட்டியில இருக்கற பொண்ணுங்க ஸ்கூல். ஒன்பதாம் கிளாஸ் சயின்ஸ். நாப்பத்திரண்டு பொண்ணுங்க, பாடம் எல்லாம் ஹிந்தியில. என் ஹிந்தி தாராவி ஹிந்தி இல்லையா, முதல் நாள் சும்மா உட்காருங்கன்னு சொல்ல "சுப் பைட்டோ ரே"ன்னேன், ஹெட்மிஸ்ட்ரஸ் காதைப் பொத்திக்கிட்டாங்க.

நீ சொல்லிக்குடுத்த தமிழ்லதான் எழுதுறேன். உருது ஸ்கூல்ல படிச்ச பிள்ளைக்கு இவ்வளவு வந்ததே பெரிசு. தப்பு இருந்தா சிரிக்காதே.

ஒரு சந்தேகம். (நீ "ஆரம்பிச்சிட்டா"ன்னு சொல்றது கேக்குது.) அந்தக் கல். நான் எழுந்திரிக்கும்போது உன் தாளைப் பார்த்தேன், நீ மேலே ஒரு அம்பு போட்டிருந்தே. நான் மூணும் கீழே போட்டேன். அப்போ எனக்கு அதுதான் சரின்னு பட்டுது. ஆனா வேலை உனக்கு. அப்போ தப்பு நான்தானே? எங்க தப்புன்னு எனக்குத் தெரியலை. கல் மேலே இருக்கும்போது கை எப்படி அதைத் தள்ளும்? அடுத்த மாசம் அந்தப் பாடம் எடுக்கணும். பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக்குடுக்கக் கூடாது. நீ சொன்னா எனக்குப் பாதியிலேயே புரிஞ்சிரும்.

உன்
சாயிரா


செம்பூர்,
19-8-1964

அன்புள்ள சாயிரா,

உன் கடிதம் கிடைத்தது. வேலை மும்முரத்தில் எழுத முடியவில்லை. லேபில் அறுபது பேர், ஸ்க்ரூ கேஜ் பன்னிரண்டு. அவர்கள் சண்டையைத் தீர்ப்பதிலேயே நாள் போய்விடுகிறது. மழை நிற்கவில்லை. செம்பூர் ஸ்டேஷன் முன்னால் முழங்காலளவு தண்ணீர். அப்பா மில் ஆபீசுக்கு இரண்டு நாள் போகவில்லை.

உன்னை நாற்பத்திரண்டு பேர் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். என்னை இங்கே யாரும் எப்படியும் கூப்பிடுவதில்லை. "மிஸ், கனெக்‌ஷன் சரியா?" என்பார்கள், அவ்வளவுதான். நீ எங்கே போனாலும் உனக்கு ஒரு கூட்டம் சேர்ந்துவிடுகிறது.

உன் கடிதத்தில் இருந்த பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பதினேழு இருக்கின்றன. தவறாக எடுத்துக்கொள்ளாதே. பழகினால்தானே வரும்.

கல் விஷயம் அவ்வளவு பெரிதில்லை. பாடப் புத்தகத்தில் உள்ளபடி சொல்லிக்கொடு.

அன்புடன்,
செண்பகவல்லி


உல்லாஸ்நகர்,
11-10-1964

அன்புள்ள வல்லி,

சிவப்பு மை கிடைச்சது. பதினேழா! லாத்தா பார்த்துட்டு, "இது லெட்டரா, பரீட்சைப் பேப்பரா?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். கொஞ்சம் கழிச்சுத்தான் வலிச்சுது. போகட்டும்.

பாடப் புத்தகத்துல கல் இல்லை, வல்லி. மூணு விதி இருக்கு, கீழே கணக்கு இருக்கு. அம்பு எங்கேயும் இல்லை. அதனால நீ போட்ட மாதிரியே போட்டேன். மேலே போறப்போ மேல் அம்பு, உச்சியில ஒண்ணுமில்லை, இறங்கறப்போ கீழ் அம்பு. போர்டுல போட்டு முடிக்கலை, லாஜ்வந்தின்னு ஒரு பொண்ணு எழுந்தா. சிந்திப் பொண்ணு, அப்பா தையல் மிஷின் ரிப்பேர். கேட்டா: "டீச்சர், கை இங்கே இருக்கு. கல் அங்கே இருக்கு. நடுவுல கயிறு இருக்கா?"

கிளாஸ் முழுக்கச் சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரலை. நான் கேக்கறதையே அவ கேக்கா!

என்ன சொன்னேன் தெரியுமா? "பம்பாய்ல பெரிய காலேஜ்ல என் தோழி இருக்கா, யூனிவர்சிட்டியில முதல் வகுப்பு, அவ இப்படித்தான் போட்டா, உட்காரு"ன்னேன். அவ உட்கார்ந்தா. ஆனா நோட்டுல அம்பு போடலை.

வல்லி, ஒரு வரி எழுது. விளக்க வேண்டாம். மேல் அம்பு உண்டா, இல்லையா? உனக்குத் தெரியாம இருக்காது. மாதுங்காவில வேற ஒரு காலேஜ்ல இடம் இருக்குன்னு காக்கா சொன்னாங்க. அப்ளிகேஷன் போட்டுப் பார்க்கட்டுமான்னு யோசிச்சேன். இவ்வளவு சின்னது கூடத் தெரியாத நான் என்னத்தைப் போடுறது? உன் பதிலைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்.

உன்
சாயிரா


(தபால் கார்டு)
செம்பூர்,
20-11-1964

சாயிரா,
தாமதத்துக்கு மன்னிக்கவும். நான் போட்டபடியே சொல்லிக்கொடுக்கலாம்.
செ.


உல்லாஸ்நகர்,
14-2-1965

அன்புள்ள வல்லி,

கார்டு வந்ததை நான் உனக்குச் சொல்லவே இல்லை. அதான் இப்போ.

அரையாண்டுப் பரீட்சையில கல் கேள்வியைக் கேட்டேன். நாப்பத்தோரு பேர் மேல் அம்பு போட்டாங்க. லாஜ்வந்தி மட்டும் மூணும் கீழே. நான் சைபர் போட்டேன். அவ பேப்பரைப் பார்த்தா, மடிச்சா, பையில வச்சா. அழலை, கேக்கலை. அன்னையிலிருந்து கிளாஸ்ல எதுவுமே கேக்கறதில்லை. இப்போ கிளாஸ் ஏக்தம் அமைதி. ஹெட்மிஸ்ட்ரஸ் பாராட்டுறாங்க.

அந்தக் காலேஜுக்கு நான் அப்ளிகேஷன் போடலை. எனக்கு பிசிக்ஸ் வராது வல்லி, இப்போ தெரிஞ்சிட்டு. எனக்கு ஏதோ புரியற மாதிரி இருக்கும், அது புரியறது இல்லை. உனக்குத்தான் நிஜமாப் புரியும். இதுல வருத்தமில்லை. ஆளுக்கு ஒண்ணு.

என் நோட்டுங்க எல்லாம் கட்டி காக்காகிட்ட குடுத்திருக்கேன். செம்பூர் பக்கம் வரும்போது உன் வீட்டுல குடுப்பாங்க. எனக்கு இனி எதுக்கு? உன் லேப் பிள்ளைங்களுக்கு ஆகும்.

சாயிரா


செம்பூர்,
28-2-1965

சாயிரா,

நேற்று சிராஜ் காக்கா வந்தார். நோட்டுக் கட்டைத் திண்டுபோல் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறிவந்தார். அம்மா காபி கொடுத்தாள். "எங்க சாயிரா சொல்லும், வல்லி மாதிரி யாருக்கும் வராதுன்னு" என்றார். நான் உள்ளே போய் நின்றுகொண்டேன்.

இத்துடன் ஒரு பழைய கடிதம் இருக்கிறது. தேதி சென்ற ஜூன் பதின்மூன்று. அதை முதலில் படி. பிறகு இதைப் படிக்கலாம், அல்லது படிக்காமல் விடலாம்.

உன் விடை சரி. மூன்று அம்பும் கீழ்நோக்கித்தான். என்னுடையது தப்பு. எண் போட்ட எந்தத் தாளிலும் ஏழாவது சரியாக இல்லை. மற்ற கேள்விகளில் எனக்கு மார்க் கொஞ்சம் அதிகம், அதனால் வேலை. எண் இல்லாத தாளில் பத்தும் சரி. பாதியில் எழுந்துபோன மூவரில் யாரோ வைத்துவிட்டுப் போனது என்று சார் நினைத்துக்கொண்டார். நான் நினைக்கவிட்டேன்.

அது குப்பைக்குப் போயிருந்தால் நான் மறந்திருப்பேனோ என்னவோ. போகவில்லை. அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்பையும் அங்கே கூப்பிட்டுக் காட்டுகிறார். "யார் எழுதியது என்று தெரியாது. ஆனால் இந்த ஆளுக்குப் புரிந்திருக்கிறது" என்கிறார். மஸ்டர் புத்தகம் அந்தக் கண்ணாடியின்மேல்தான் இருக்கிறது. தினமும் காலையில் உன் அம்புகளுக்கு மேலே நான் கையெழுத்துப் போடுகிறேன்.

நீ கேட்ட ஒவ்வொரு தடவையும் பதில் எனக்குத் தெரியும். முதல் தடவை பயத்தில் சொல்லவில்லை. இரண்டாவது தடவை அப்படி இல்லை. அன்று காலையில்தான் சார் ஒரு வகுப்புக்கு அந்தத் தாளைக் காட்டி, "எங்கள் முதல் வகுப்புக்காரர்களுக்கும் இது வரவில்லை" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கேலிக்கல்ல, சும்மா. ஸ்டேஷனில் கார்டு வாங்கி, நின்றபடியே எழுதி, பெட்டியில் போட்டேன். உனக்கும் அது புரியாமல் போக வேண்டும் என்று நினைத்தேன். இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்கு எத்தனையோ வாக்கியங்கள் தெரியும். நிறையப் படித்திருக்கிறேன். ஒன்றும் பொருந்தவில்லை.

மேலே போகும் கல்லில் கையின் விசை இருக்கிறது என்று எல்லாரும் ஏன் நினைக்கிறார்கள் என்று லேபில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். எறிந்தவனுக்குக் கொஞ்சம் பங்கு வேண்டியிருக்கிறது. நீ எது புரிந்துகொண்டாலும் அதை எறிந்தது என் கை என்று நான் நான்கு வருஷம் நினைத்திருந்தேன்.

நாளை திங்கட்கிழமை சாரிடம் சொல்லப்போகிறேன்.

செண்பகவல்லி


உல்லாஸ்நகர்,
9-3-1965

வல்லி,

ரெண்டு கடிதமும் படிச்சேன். லாத்தாகிட்ட காட்டலை.

வேலையை எடுத்துக்கிட்டே, சரி. வேலை யாருக்காவது போகத்தான் போகுது. நான் நம்பர் போட மறந்தது என் தப்பு. நீ பேசாம நின்னே, அதையும் ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் நான் ஆற விட்டிருப்பேன். என் விடையை ஏன் எடுத்தே? அது என்கிட்டதானே இருந்தது. அதை வச்சு உனக்கு என்ன ஆகப்போகுது? நான் தபால் போட்டுப் போட்டு, என் கையாலேயே அதை உன்கிட்ட குடுத்திருக்கேன்.

வெள்ளிக்கிழமை கிளாஸ்ல, போர்டுல மூணு அம்பும் கீழே போட்டேன். "நான் சொன்னது தப்பு, லாஜ்வந்தி சொன்னது சரி"ன்னேன். நாப்பத்தோரு நோட்டையும் வாங்கி நானே திருத்தினேன், ரெண்டு நாள் ஆச்சு. சிவப்பு மைதான். ஒரு பொண்ணு கேட்டா, "டீச்சர், உங்க பம்பாய்த் தோழி?" "அவளுக்கும் தெரியும்"ன்னேன். வேற என்ன சொல்ல?

லாஜ்வந்திக்கு மார்க்கைத் திருத்திக் குடுத்தேன். "தேங்க் யூ டீச்சர்"னு வாங்கிக்கிட்டா. கேள்வி கேக்கலை. கேப்பான்னு காத்திருக்கேன்.

நோட்டுக் கட்டைத் திருப்பி அனுப்பு. காக்கா வந்து வாங்கிக்குவாங்க. நீ கொண்டுவர வேண்டாம்.

சாயிரா

இதுல எத்தனை தப்பு இருக்குதோ, அப்படியே இருக்கட்டும்.


செம்பூர்,
14-6-1969

சாயிரா,

இதையும் அனுப்பப்போவதில்லை. நீ நாளை மறுநாள் காலை எனக்கு எதிர் மேசையில்தான் இருப்பாய்.

இன்று நடந்த டெமான்ஸ்ட்ரேட்டர் பரீட்சையை நீதான் நடத்தினாய். கேள்வித்தாளைக் கொடுப்பதற்கு முன்னால், "முதலில் உங்கள் நம்பரைப் போடுங்கள். போட்டுவிட்டீர்களா? மறுபடி ஒரு தடவை பாருங்கள்" என்றாய். என் பக்கம் திரும்பவில்லை. நான் ஜன்னல் ஓரமாக நின்று தாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

1965-இல் அந்தத் திங்கட்கிழமை நான் சொன்னதும் பிரபு சார் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கி உன் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "நம்பரைப் போடு" என்றார். என் பேனாவால் ஒன்பது என்று எழுதினேன். "பெயரையும்" என்றார். எழுதினேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானும் விசாரித்திருக்க வேண்டும்" என்றார். பிறகு உல்லாஸ்நகர் விலாசத்தைக் கேட்டார். ஜூனில் இன்னொரு இடம் வந்தது. அவரே உனக்கு எழுதினார், சிராஜ் காக்காவுக்கும் எழுதினார். இவ்வளவும் உனக்குத் தெரியும். ஒன்பது என்று எழுதியது யார் என்று மட்டும் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று நான் அவரைக் கேட்டுக்கொண்டேன். உனக்கு நான் செய்த உபகாரம் என்று அதுவும் உன்னிடம் வந்து நிற்கக் கூடாது.

என் வயிற்றெரிச்சல் போகவில்லை. பிள்ளைகள் உன் மேசையில்தான் மொய்க்கிறார்கள். என் மேசைக்கு வருகிறவன் கனெக்‌ஷனைச் சரிபார்க்க வருகிறான், புரிந்துகொள்ள உன்னிடம் போகிறான். சில நாள் அவர்கள் தலைகளுக்குப் பின்னாலிருந்து நானும் கேட்கிறேன்.

நீ 1965 ஜூன் 21ஆம் தேதி வேலையில் சேர்ந்தாய். நான்கு வருஷமாக ஒரே லேபில் வேலை செய்கிறோம். சாவி கேட்கிறாய், எடைப்பெட்டி கேட்கிறாய், பெருநாளுக்கு எல்லாருக்கும் கொண்டுவரும் சேமியாவில் என் பங்கை என் மேசையில் வைக்கிறாய். ஒரு சந்தேகமும் நீ என்னிடம் கேட்டதில்லை.